தூணப் பாத்துப் பேசுன குஸ்திக்காரி

"ஒன்னைய எலும்பெலும்பாப் பிரிச்சுப் போட்டுருவேன்! இன்னியோட நீ முடிஞ்சே!"

மச்சுலருந்து இப்படி ஒரு சத்தம். நான் அடுக்களைல கத்திரிக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கிட்டு இருந்தேன். கையில இருந்த காய் நழுவி உருண்டு அடுப்புக்கு அடியில போயிட்டு. வீட்ல நானும் எம் மருமவனுந்தான். அவுக வாயிலருந்து ஒரு 'ச்சீ' வந்துகூட நான் கேட்டதில்ல. மூஞ்சியில ஈ உக்காந்தா வெரட்ட மாட்டாவ, எந்திரிச்சுப் போயி வேற நாக்காலில உக்காந்துக்கிடுவாவ. அந்த மனுசன் யார எலும்பெலும்பாப் பிரிக்காவ? போன்ல யாரு கூடயும் சண்டையா, இல்ல கோட்டி புடிச்சிட்டா? எம் மவ மஸ்கட்ல நர்சா இருக்கா. நாளைக்கு அவ கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

மேல ஏறிப் போயி கேக்க வேண்டியதானன்னு நெனைப்பீய. அங்கனதான் இருக்கு சங்கதி. எங்க வீட்டுப் பழக்கத்துல மாமியாக்காரி மருமவன்ட்ட நேரா பேச மாட்டா. அவுக வந்தா எந்திரிச்சிரணும், எதுக்க நிக்கக் கூடாது, கதவுக்குப் பொறத்தால நின்னுக்கிட்டு, "மோரு வேணுமான்னு கேளுட்டீ"ன்னு யாருகிட்டயாவது சொல்லணும். எங்கம்மா அப்படித்தான் இருந்தா, நானும் அப்படித்தான். நாங்குநேரிப் பக்கத்துலருந்து பெண்ணெடுக்க வந்தவுக, நமக்கு முன்னப் பின்ன சொந்தமும் கெடையாது. அதனால ஒரு படி கூடுதலாவே ஒதுங்கி நின்னேன். முன்னால மவ நடுவுல நின்னா. அவ மஸ்கட் போன பொறவு பேத்தி நின்னா. "அப்பா, ரசம் ஊத்தட்டான்னு ஆச்சி கேக்கா", "ஆச்சி, அப்பாவுக்குப் போதுமாம்" — புள்ள வாய் ஓயாம தபால் குடுத்துக்கிட்டு இருந்தா. அவளும் கோயமுத்தூர்ல காலேசுக்குப் போயி ஹாஸ்டல்ல சேந்துட்டா. பொறவு நடுவுல நிக்க ஆளு? பக்கத்து வீட்டுப் பூனைதான்.

நெசமாத்தான் சொல்லுதேன். மத்தியானம் மீன் வாசமே இல்லாத எங்க சைவ வீட்டுக்கு எதுக்கு வருதுன்னு தெரியாத ஒரு வெள்ளப் பூன. அதப் பாத்து, "ஏ பூன, சாப்பாடு எடுத்து வச்சாச்சு, ஆறிப் போவுது"ன்னு சொல்லுவேன். மச்சுலருந்து அவுக எறங்கி வருவாவ. தின்னுட்டு, "அவியல் நல்லாருந்துச்சு பூன"ன்னு சொல்லிட்டுப் போவாவ. பூன வராத நாள்ல எனக்கு ஃபிரிட்ஜி, அவுகளுக்குத் தண்ணிச் செம்பு. இதுல ஒரு சவுரியமும் உண்டு கேட்டுக்கிடுங்க. நேரா பேசுனா மரியாதை பாக்கணும். பூனைட்டப் பேசுனா வாய்க்குப் பூட்டே கெடையாது. "ஏ பூன, நீ வெடிஞ்சதும் எந்திரிச்சிட்ட. சில பேருக்கு இன்னும் கெழக்கு வெளுக்கல போல"ன்னு நான் பாட்டுக்குச் சொல்லுவேன். மேல கட்டில் கிரீச்சுங்கும். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பாணியா இருக்கும்.

அவுகளுக்கு அப்ப நேரம் சரியில்ல. டவுண்ல ஜெராக்ஸ் கடை வச்சிருந்தாவ, வாடகைக்கும் கரண்டுக்குமே சரியாப் போவுதுன்னு மூடிட்டாவ. அவுகளையும் மஸ்கட்டுக்குக் கூப்பிட்டுக்கிட மவ விசாவுக்குப் பேப்பர் போட்டுருந்தா, அது வருது வருதுன்னு வரல. தெருவுல ரெண்டு பேரு வாய் கூசாம 'வீட்டோட மாப்பிள்ளை'ன்னு சொன்னதும் அவுக காதுல விழுந்துருக்கு. காலைல வாசல் வரைக்கும் வருவாவ, தெருவப் பாப்பாவ, திரும்பி மச்சுக்கு ஏறிருவாவ. மேல நடக்குத சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். சன்னலுக்கும் கட்டிலுக்கும், கட்டிலுக்கும் சன்னலுக்கும். கீழ எனக்கும் இருப்புக் கொள்ளாது. வெளக்குன பாத்திரத்தத் திரும்ப வெளக்குவேன். செருப்ப மாட்டிக்கிட்டு ரதவீதி வரைக்கும் போவேன், எதுக்கு வந்தோம்னு தெரியாது, அரைக் கிலோ வெங்காயத்த வாங்கிட்டு வருவேன். ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஆளுக்கொரு தளத்துல நடந்து நடந்து தேஞ்சுக்கிட்டு இருந்தோம்.

அந்தக் கத்திரிக்காய் அன்னைக்கு அவுக சாப்பிட உக்காந்ததும் கதவுக்குப் பொறத்தால நின்னு, "ஏ பூன, மேல யாருக்கோ எலும்பு முறிஞ்சிட்டே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவ ஆட்டோ கூப்பிடணுமா?"ன்னு கேட்டேன். அவுகளுக்குப் பொரை ஏறிட்டு. ஒரு செம்புத் தண்ணியும் குடிச்ச பொறவு, பூனையப் பாத்து மொத்தக் கதையையும் சொன்னாவ. நெட்ல ஒரு கூட்டம் இருக்காம். மலேசியாவுல ஒருத்தன், ஈரோட்டுல ஒருத்தன், கனடாவுல ஒருத்தன்னு எங்கெங்கயோ இருக்காவளாம். டிவில வருத ரெஸ்லிங் மாதிரி அவுகளே ஒரு ரெஸ்லிங் நடத்துதாவ. ஆனா ஒருத்தன் மேல ஒருத்தன் கை படாது. ஆளுக்கொரு குஸ்திக்காரனக் கற்பனை பண்ணணும். அவன் பேரு, ஊரு, ஒசரம், எதுக்காகச் சண்டைக்கு வந்தான், எல்லாம் எழுதணும். சண்டைக்கு முன்னால அவன் பேசுத மாதிரி ஒரு சவால் பேச்சு எழுதிப் போடணும். நான் கேட்ட சத்தம், ஏற்கனவே எழுதிப் போட்ட பேச்ச அவுக வாய்விட்டு வாசிச்சுப் பாத்ததாம். அன்னைக்கு ஆட்டம் இல்லாத மத்தவுக நடுவரா இருந்து ரெண்டு பக்கத்தையும் வாசிப்பாவ. எவன் பேச்சு நெசமான ஆளு பேசுத மாதிரி இருக்கோ, அவன் ஜெயிச்சான். இத அவுக சொல்லி முடிக்கும் முன்னால பூன எந்திரிச்சுப் போயிட்டு. மிச்சத்தச் செம்புகிட்டச் சொன்னாவ.

நான் செம்புட்டக் கேட்டேன், "எங்க வீட்டுக் குஸ்திக்காரன் ஜெயிச்சானா?"

"தோத்துட்டான்னு சொல்லு."

"போன தடவ?"

"அதுவும் தோத்துட்டான்னு சொல்லு."

அவுக குஸ்திக்காரன் சிகாகோவுல பொறந்தவனாம். ஆறே முக்கா அடி. அப்பாவக் கொள்ளக்காரன் சுட்டுட்டானாம், அதுக்குப் பழிவாங்க வந்தவனாம். வாயத் தொறந்தா நெருப்பு, எரிமலை, ரத்தம். நடுவருங்க, 'இந்த ஆள எங்களுக்கு நம்ப முடியல, இவருக்குச் சளி பிடிக்குமா, பல்லு வலிக்குமா, ஒண்ணுமே தெரியல'ன்னு எழுதிட்டாவளாம். அதுக்கு முன்னால ஒருத்தன், அவன் பாவநாசத்து மேல ஆத்துல முதலை வளத்த புள்ளையாம். அவனுக்கும் அதே கதி. "முதலை வளத்த புள்ள இவ்வளவு சுத்தமாத் தமிழ் பேசுதே, பள்ளிக்கூடம் எங்கன?"ன்னு மலேசியாக்காரன் கேட்டு மானத்த வாங்கிட்டானாம்.

எனக்கு வாய் சும்மா இருக்காதுல்லா. "ஆறே முக்கா அடின்னா நம்ம நடையில முட்டிக்கிடாம எப்படி வருவான்? நெத்தியில வீக்கம் இருக்கான்னு கேளு செம்பே. அவ்வளவு ஒசரத்துக்கு வேட்டி வேற எட்டாது. பொறவு அப்பன் செத்தா பதினாறு கும்பிடாம சண்டைக்கு வந்துட்டானா, ஊருல கேக்க ஆளு இல்லையா?"ன்னேன். அவுக சிரிக்கல. கையக் கழுவிட்டுக் கதவுப் பக்கமா ஒரு நிமிசம் நின்னாவ. நான் இன்னும் கொஞ்சம் மறைஞ்சு நின்னுக்கிட்டேன். பொறவு மச்சுக்கு ஏறிட்டாவ. அன்னைக்கு நடக்குத சத்தம் கேக்கல. கம்ப்யூட்டர்ல தட்டுத சத்தந்தான் கேட்டுச்சு.

கொஞ்ச நாள் கழிச்சுப் பேத்தி போன் போட்டா. எடுத்ததுமே கெக்கெக்கேன்னு சிரிப்பு. "ஆச்சி, நீ மலேசியாக்காரன மண்ணக் கவ்வ வச்சிட்டியே!"

"எந்த மலேசியாக்காரன்ட்டீ? நான் அம்பாசமுத்திரத்தத் தாண்டிப் போயே வருசமாச்சு."

அவ வாசிச்சுக் காட்டுனா. அவுக புதுசா ஒரு குஸ்திக்காரி எழுதிருக்காவ. பேரு 'கதவு அத்தை'. திருநவேலிக்காரி. அஞ்சடிக்குக் கொஞ்சம் கம்மி, முட்டு வலி உண்டு. மணி அடிச்சு எல்லாவனும் குதிச்சு ஓடி வந்தா, இவ மட்டும் முந்தானைய இழுத்துச் சொருவிக்கிட்டுப் பைய வாராளாம். மேடைக்கு வந்ததும் மூலைல இருக்க தூணுக்குப் பொறத்தால போயி நின்னுக்கிடுவாளாம். எதிராளியப் பாக்கவே மாட்டா. பேசுததெல்லாம் தூண்கிட்டதான். "ஏ தூணே, எதுக்க ஒருத்தரு நிக்காவளாமே. சட்டை போட மறந்துட்டாவ போல. டவுண்ல துணிக்கடைக்கா பஞ்சம்? தொறந்த மேனியா நின்னா ஈரக்காத்து ஒத்துக்கிடாதுன்னு சொல்லு. ரொம்பச் சத்தம் போடுதாவளே, காலைல பலாரம் சாப்பிட்டாவளா, இல்ல கோவத்தையே தின்னுட்டு வந்தாவளான்னு கேளு." இப்படியே பேசிப் பேசி அவன் கிறுக்கெடுத்து ஓடி வரும்போது, ஆட்டுரல்ல குழவியச் சுத்துத மாதிரி கையப் பிடிச்சு ஒரு சுத்து. அவன் கீழ கெடப்பான். இவ பக்கத்துலயே உக்காந்து, "தூணே, இந்த எளவு முட்டு இன்னிக்கும் போட்டுக் குத்துது"ன்னு தேய்ச்சுக்கிடுவாளாம்.

நடுவரு எல்லாருமே ஒரே பக்கமா, 'இந்த அம்மாவ நம்புதோம்'னு எழுதிட்டாவளாம்.

எனக்குக் கோவம் வந்துச்சா, பெருமையா இருந்துச்சான்னு கேட்டா, ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு. நம்மள ஒருத்தரு கதவிடுக்கு வழியா இவ்வளவு கவனிச்சிருக்காவளான்னு கூச்சம் வேற. அதுக்குப் பொறவு எனக்கு இயல்பாப் பேச வரல. பூனைட்ட ஒரு வார்த்த சொல்லதுக்கு முன்னால, இது மேடைக்கு ஆவுமான்னு மனசு கணக்குப் போடும். ஒரு நாள் நாலு தெருவு நடந்து நடந்து யோசிச்சு வச்சிருந்த ஒரு ஏச்ச, அடுக்கு மொழியா, நல்லா நீட்டி மொழக்கிச் சொன்னேன். அவுக சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே, "இது சேராது பூன. கேட்டா நடிக்குத மாதிரி இருக்கு. அத்தை அப்படிப் பேச மாட்டாவ"ன்னாவ. பாத்துக்கிடுங்க, என்னைய மாதிரிப் பேச எனக்கே தெரியலையாம்!

எப்படியோ கதவு அத்தை ஜெயிச்சுக்கிட்டே போனா. ஈரோட்டுக்காரன் விழுந்தான், கனடாக்காரன் விழுந்தான். கடைசியா சாம்பியன் பெல்ட்டுக்கான ஆட்டம் வந்துச்சு. அந்தச் சமயத்துலதான் எம் மவ மஸ்கட்லருந்து கூப்பிட்டா.

"அம்மா, ஒன் மருமவன் திருப்பூருக்குப் போறேங்காவ. அவுக அண்ணன் பனியன் கம்பெனில வேலை இருக்காம். நீ ஏதும் சொன்னியா?"

"நான் என்னத்தச் சொல்லப் போறேன்?"

"அந்த வீட்ல பேச ஒரு ஆளு இல்லங்காவம்மா."

"நாள் பூராப் பேசிக்கிட்டுதான இருக்கோம்!"

"யாருட்ட? பூனைட்டயா?"

நான் போன மறு காதுக்கு மாத்துனேன். அவ சொன்னா, "இந்த ஆட்டத்துல ஜெயிச்சா போவ மாட்டாவளாம். பெல்ட்ட வச்சிருக்கவுக வாராவாரம் எழுதணுமாம், கம்பெனில பகலும் ராவும் வேலை, அதுக்கு நேரம் கெடைக்காது. தோத்தா மறுநாளே கெளம்பிருவேங்காவ. ஒரு முடிவு எடுக்கத் தெரியாம, ஆட்டத்துட்ட விட்டுட்டாவ போல. நான் சொன்னாக் கேக்கல."

போன வச்சிட்டு வீட்டச் சுத்திச் சுத்தி வந்தேன். அடுக்களை, நடை, தாழ்வாரம், திரும்ப அடுக்களை. அவுக போயிட்டா மச்சுல நடக்குத சத்தம் இருக்காது. நான் யார வம்பிழுக்க? எதுக்குச் சொதிக் கொழம்பு வைக்க? அதவிட, பேச ஆளு இல்லன்னு சொல்லிட்டாவளே, அதுதான் திரும்பத் திரும்பக் காதுல கேட்டுச்சு. கதவு வரைக்கும் போனேன். அங்கனயே காலு நின்னுட்டு. ஒரு ஆயுசு பூரா நின்ன எடம், தாண்டுன்னா ஒடனே தாண்டிருமா? திரும்பி வந்து பூண்டு உரிச்சேன். உரிச்சது அந்த வாரத்துக்கே போதும்.

ஆட்டத்தன்னைக்குப் பேத்திய வாசிக்கச் சொன்னேன். அவ சிரிச்சுக்கிட்டுதான் ஆரம்பிச்சா. கதவு அத்தை வழக்கம்போலப் பைய வாரா. தூணுக்குப் பொறத்தால போறா. எதுக்க சாம்பியன் நெஞ்சத் தட்டிக்கிட்டுக் கத்துதான். இவ தூண்கிட்ட ஒண்ணுமே சொல்லல. பொறவு... பேத்தி நிறுத்திட்டா. "என்னட்டீ?"ன்னேன். கொரலு மாறிப் போயி வாசிச்சா. அத்தை தூண விட்டு வெளிய வாராளாம். அவன் மொகத்த நேராப் பாக்காளாம். "எளச்சுப் போயிட்டீயளே. ரொம்ப நாளா ஒத்தைல கெடந்து கத்திக்கிட்டு இருக்கீய. வாங்க, இங்கன உக்காருங்க, பேசிக்கிட்டு இருப்போம்"னு சொல்லுதாளாம். அவ்வளவுதான் பேச்சு. அதோட முடிச்சிட்டாவ.

நான் முந்தானையால மூக்கத் தொடச்சுக்கிட்டேன். பூண்டு உரிச்ச கை, கண்ணுல பட்டுட்டு.

சாய்ங்காலம் முடிவு வந்துட்டு. தோத்துட்டாவ. நடுவருங்க எழுதுனதப் பேத்தி படிச்சா. 'எழுத்து நல்லாருக்கு. ஆனா இத நம்ப முடியல. இத்தன நாளும் தூணப் பாத்தே பேசுன அம்மா, ஒரு நாளும் இப்படி நேரா வந்து பேச மாட்டா. அது அவ கொணத்துலயே இல்ல. கடைசில ஆள மாத்திட்டாரு.'

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்தரம்! மூதிகளா, ஒங்கள்ல எவன் என்னையப் பாத்துருக்கான்? என் கொணத்துல என்ன இருக்கு, இல்லன்னு கனடாவுல கம்பளியப் போத்திக்கிட்டு இருக்கவன் சொல்லுததா? "எப்படி அவனுவ அப்படிச் சொல்லலாம்?"ன்னு பேத்திகிட்டக் கத்துனேன். அவ பைய, "அவங்க சொன்னது சரிதான ஆச்சி. நீ பேச மாட்டல்லா"ன்னா. நான் போன வச்சிட்டேன்.

இப்ப அவுக மஸ்கட்லதான் இருக்காவ, எம் மவ கூட. பேப்பர் எல்லாம் பொறவு ஒழுங்கா வந்துட்டு. அங்க ஒரு அச்சாபீசுல வேலை. வாராவாரம் வீடியோவுல கூப்பிடுவாவ. "அத்தை, என்ன கொழம்பு?"ன்னு கேப்பாவ, நான் போனத் தூக்கி அடுப்புக்கு நேராக் காட்டுவேன். மணிக்கணக்காப் பேசுதோம். எம் மவளுக்கே பொறாமை. இவ்வளவு பேச்ச எங்க வச்சிருந்தீய ரெண்டு பேரும்னு கேக்கா. எங்க வச்சிருந்தோம்? ஒரு கதவு கனத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுந்தான் வச்சிருந்தோம். அந்தக் கனம் எம்புட்டுன்னு மறுநாள் காலைலதான் தெரிஞ்சுது.

ஆட்டத்துல தோத்த மறுநாள். அவுக குளிச்சு, சட்டைய இன் பண்ணி, பெட்டியத் தூக்கிக்கிட்டு எறங்கி வந்தாவ. ஒவ்வொரு படிக்கும் பெட்டி இடிக்குத சத்தம் எனக்குக் கேக்கு. தாழ்வாரத்துக்கு வந்து நின்னாவ. பூனையக் காணும். செம்பு உள்ள இருக்கு. சொல்லிட்டுப் போவ ஒண்ணுமே ஆம்புடாம அங்கிட்டும் இங்கிட்டும் பாக்காவ. நான் கதவுக்குப் பொறத்தால நிக்கேன். அவுக செருப்ப மாட்டுதாவ. இன்னும் ரெண்டு எட்டு வச்சா தெரு.

முந்தானைய இழுத்துச் சொருவுனேன். வெளிய வந்துட்டேன்.

அவுக ஏறிட்டுப் பாத்தாவ. அப்படியே நின்னுட்டாவ. நானும் பாத்தேன். எம் மவளக் கட்டி இத்தன வருசத்துல அவுக மூஞ்சிய நேருக்கு நேரா நான் பாத்தது அன்னைக்குத்தான். காதோரம் நல்லா நரைச்சிருந்துச்சு. இது எப்பலருந்துன்னு எனக்குத் தெரியல. தாடையில சின்னதா ஒரு தழும்பு. அதுவும் எனக்குத் தெரியாது. நான் மனசுக்குள்ள வச்சிருந்தது கல்யாணத்தன்னைக்குப் பாத்த மூஞ்சி. இது வேற ஆளு, களைச்சுப் போன ஆளு.

"மாப்ள"ன்னேன். கொரலு எனக்கே அந்நியமா இருந்துச்சு. "எங்க கெளம்பிட்டீய? திருப்பூர்ல ஒங்களுக்கு என்ன வச்சிருக்கு? அந்த மிசினு சத்தத்துல பேச்சு காதுல விழுமா? நான் நேரா வந்து பேச மாட்டேன்னு எவனோ எழுதிட்டானாமே. அவனுக்கு என்னையத் தெரியாது, சரி. நீங்க நான் பேசுவேன்னு எழுதுனீயல்லா? பொறவு எதுக்கு அவன் சொன்னதக் கேட்டுக்கிட்டுப் பெட்டியத் தூக்குதீய? பெட்டிய வைங்க. போவக் கூடாது."

அவ்வளவையும் ஒரே மூச்சுல சொல்லிட்டேன். கதவப் பிடிச்சுக்கிடணும்போல இருக்கு, பிடிக்கல.

அவுக பெட்டியக் கீழ வச்சாவ. மொகமெல்லாம் செவந்து போச்சு. என்னையப் பாக்க முடியாம தலையக் குனிஞ்சு, அந்தப் பெட்டியப் பாத்தே, "பஸ்ஸு போயிருக்கும், நான் போவலன்னு அத்தைட்டச் சொல்லு"ன்னாவ.

"பெட்டிக்கு என்னத்துக்குச் சொல்லுதீய? நான் இங்கனதான நிக்கேன்."

பைய நிமிந்து பாத்தாவ. கண்ணு ரெண்டும் நெறைஞ்சிருந்துச்சு, உதடு மட்டும் சிரிக்கு.

"அத்தை, இத நான் இப்படியே எழுதிப் போட்டா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"அப்ப எழுதாதீய"ன்னேன்.